பக்கத்து ஆசனம் யாருக்குரியது?
உரிமை, ஈகை, ஒப்புரவு என்பன பற்றிய ஒரு நோக்கு

அறவியல் பற்றிப் பேசுமிடத்து நாம் பெரும்பாலும் பெரியனவற்றையே எடுத்துக்கொள்கின்றோம். போர், கொலை, வாய்மை, அரசின் அதிகாரம் என்பன நமது விரிவுரை மண்டபங்களிற் பலகாலும் ஆராயப்படுவன. ஆயின் ஒரு சமுதாயத்தின் அறவுணர்வு நாள்தோறும் சோதனைக்குள்ளாவது அத்தகைய பெருங்களங்களைக் காட்டிலும் சிறு பூசல்களிலேயே எனலாம். வரிசையில் நிற்றல், வழிவிடுதல், இருக்க இடங்கொடுத்தல் என்பன போன்ற செயல்களில், நமக்கும் முன்பின் அறியாதோர்க்கும் இடையே உள்ள உறவு யாது என்ற வினா மறைந்து கிடக்கின்றது. அத்தகைய சிறு பூசல்களுள் ஒன்றே இக்கட்டுரைக்குப் பொருளாகின்றது. சிறு பிள்ளையோடு விமானத்தில் ஏறும் தாய்க்கு அப்பிள்ளையின் பக்கத்து ஆசனம் இயல்பாகவே உரியதா, அன்றி அவள் தனியே விலைகொடுத்து வாங்கவேண்டிய பண்டமா? அவள் வாங்காதவிடத்து, அந்த ஆசனத்தை முன்பே பதிவுசெய்து அமர்ந்திருக்கும் அயலார் எழுந்து இடங்கொடுக்கக் கடமைப்பட்டவரா?

இவ்வினா யாழ்ப்பாணத்தவர்க்கு அந்நியமானதன்று. 1947 டிசெம்பரில் எயர் சிலோன் நிறுவனம் தனது டக்கோட்டா விமானத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் செலுத்தத் தொடங்கியபோதே வான்பயணம் குடாநாட்டுக்கு அறிமுகமாயிற்று. ஆயினும் நெடுங்காலம் அது வசதி படைத்தோர்க்கே உரியதாயிருந்தது. 1983க்குப் பின்னரான பெரும் புலப்பெயர்வு அந்நிலையை முற்றாக மாற்றிற்று. இன்று பிள்ளைகளுள் ஒருவரேனும் கடல் கடந்து வாழாத குடும்பத்தைக் குடாநாட்டிற் காண்டல் அரிது. பலாலி நிலையம் 2019 ஒக்டோபர் 17 இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் தொடங்கிய சென்னைச் சேவை பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கிற்று. இச்சேவையில் ஈடுபடுத்தப்பட்ட ஏ.ரீ.ஆர். விமானத்தில் நடைவழியின் இருமருங்கும் இவ்விரண்டு ஆசனங்களே உள்ளன. பயண நேரமும் குறைவு. கட்டுநாயக்காவிலிருந்து இலண்டனுக்கோ, இடையில் விமானம் மாறி ரொறன்ரோவுக்கோ செல்வோரின் நிலை வேறு. அவர்கள் பத்து மணித்தியாலத்துக்கு மேலாக ஓரிடத்தில் அமர்ந்திருக்க வேண்டியவர்கள். நல்லூர்த் திருவிழாவை ஒட்டிய பாடசாலை விடுமுறைக் காலத்தில், விடுப்புக் கிடையாத தந்தை பின்தங்க, தாய் ஒருத்தி இரண்டு சிறு பிள்ளைகளோடு தனியே ஊர் வந்து திரும்புதல் நம்மிடையே வழமையான காட்சி. ஆதலின் ஆசன ஒழுங்கு பற்றிய வினா நமது வீட்டுக்குள் இருந்தே எழும் வினாவாகும்.

முதற்கண் இப்பூசல் எவ்வாறு தோன்றிற்று என்பதை நோக்குதல் வேண்டும். முன்னாளில் விமான நிறுவனங்கள் ஆசனத்துக்கெனத் தனி விலை விதிக்கவில்லை. பயணி விமானநிலையத்துப் பதிவுமேசைக்கு வந்ததும், அங்கிருந்த உத்தியோகத்தர் குடும்பத்தின் அளவையும் பிள்ளைகளின் வயதையும் கண்ணாற் கண்டு, ஆசன வரைபடத்தில் அவர்களை ஒருங்கே இருத்துவார். இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பயணக் கட்டணத்தைக் கூறுபடுத்தி விற்கும் முறை பரவலாயிற்று. பொதிக்கு ஒரு விலை, உணவுக்கு ஒரு விலை, விரும்பிய ஆசனத்துக்கு ஒரு விலை என்றாயிற்று. அடிப்படைக் கட்டணம் தாழ்ந்ததனால் முன்னர் விமானமேற இயலாத பலர் ஏறக்கூடியதாயிற்று என்பதை மறுத்தலாகாது. ஆனால் அதே மாற்றத்தின் விளைவாக, ஆசனக் கட்டணம் செலுத்தாத குடும்பத்தைக் கணினி எஞ்சிய ஆசனங்களிற் சிதறடித்து இருத்தலும் நிகழலாயிற்று. நான்கு வயதுப் பிள்ளை பதினெட்டாம் வரிசையிலும் தாய் முப்பத்தொன்றாம் வரிசையிலும் அமருமாறு சீட்டு வழங்கப்படும். அதன் பின்னர் நடைவழியில் நின்று அயலாரிடம் இரந்து கேட்கும் நிலைக்குத் தாய் தள்ளப்படுகின்றாள்.

இங்கு நமது பஸ் வண்டிகளின் வழமையை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கோ காரைநகருக்கோ செல்லும் நெரிசலான பஸ்ஸில், கைப்பிள்ளையோடு நிற்கும் பெண்ணைக் கண்டால் இருக்கையில் உள்ள ஒருத்தி, “பிள்ளையை இங்காலை தாங்கோ” என்று கைநீட்டுவாள். முன்பின் அறியாதவளின் மடியே அப்பிள்ளைக்கு ஆசனமாகிவிடும். கேட்டவரும் இல்லை, கொடுத்தோம் என்று எண்ணினவரும் இல்லை. இலங்கையின் பஸ் வண்டிகளில் மதகுருமாருக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் அங்கவீனர்க்கும் ஆசனம் ஒதுக்கும் மரபும் உண்டு. இவர்கள் வந்தால் எழுதல் வேண்டும் என்பது எழுதிவைக்கப்பட்டிருப்பதனால், எழுபவர் இழந்ததாகவும் அமர்பவர் கடன்பட்டதாகவும் கருதுவதில்லை.

பஸ்ஸில் இத்துணை எளிதாயிருப்பது விமானத்தில் ஏன் அரிதாகின்றது? மக்கள் மாறிவிட்டனர் என்று சொல்லுதல் எளிது; ஆனால் சரியான விடையன்று. பஸ்ஸில் மடிகொடுத்த அதே பெண்தான் விமானத்தில் இடங்கொடுக்கத் தயங்குகின்றாள். மாறியது ஆசனத்தின் இயல்பு. பஸ்ஸின் இருக்கை, முன்வந்தவர் சிறிது நேரம் பயன்கொள்ளும் பொதுவிடம். விமானத்தின் ஆசனமோ எண் இடப்பட்டு, மாதங்களுக்கு முன்னர் தெரிவுசெய்யப்பட்டு, பலவேளைகளில் தனி விலை கொடுத்துப் பெறப்பட்ட உடைமை. பொதுவிடத்தைப் பகிர்தல் எல்லார்க்கும் இயலும். வாங்கிய உடைமையை விட்டுக்கொடுத்தலுக்குத் தனியான மனநிலை வேண்டும். எனவே பயணிகளின் மனநிலையைக் குறைகூறுமுன், அம்மனநிலையைத் தோற்றுவிக்கும் விற்பனை முறையை ஆராய்தலே முறையாகும்.

ஆசனத்துக்கு விலை விதித்தல் எல்லாவிடத்தும் தவறு என்று கூறுதல் பொருந்தாது. கால் நீட்ட அதிக இடமுள்ள ஆசனத்துக்கு விலை விதித்தால், பயணி அதிகமாகப் பெறும் ஒன்றுக்கு அதிகமாகக் கொடுக்கிறான். யன்னலோரத்தை விரும்பி அதற்கென ஒருவர் கொடுப்பதும் விருப்பத்தின்பாற்பட்டது. தாயும் பிள்ளையும் அருகருகே இருத்தலோ இவ்விரண்டனுள் எதனையும் சாராது. அவர்களை ஒருங்கே இருத்துவதனால் விமானத்தில் ஓர் ஆசனமேனும் கூடுவதில்லை, குறைவதுமில்லை. உள்ள ஆசனங்களை வேறொரு வகையில் அடுக்குதல் மட்டுமே நிகழ்கின்றது. அவ்வாறாயின் இங்கு விற்கப்படும் பண்டம் யாது? பணம் தராவிடின் உன்னைப் பிள்ளையிடமிருந்து பிரித்து இருத்துதல் கூடும் என்னும் அச்சம் முதலில் உண்டாக்கப்படுகின்றது. பின்னர் அவ்வச்சத்திலிருந்து விடுதலை விற்கப்படுகின்றது. நன்மையை விற்றலும், தான் நிகழவிடக்கூடிய தீமையினின்று விலக்களித்தலை விற்றலும் வணிகக் கணக்கில் ஒன்றாகத் தோன்றலாம். அறத்தின் நோக்கில் அவை வேறானவை. முன்னையது வாணிகம், பின்னையது வழிமறித்துப் பெறும் இறைக்கு அண்மையானது.

விமான நிறுவனங்களின் சொந்த விதிகளே இம்முடிவுக்குச் சான்று பகர்கின்றன. இரண்டு வயது நிறையாத குழந்தை தாயின் மடியிற் செல்லலாம். இரண்டு வயது நிறைந்ததும் அதற்குத் தனி ஆசனம் வாங்குதல் கட்டாயமாகும். பிள்ளையை மடியினின்று இறக்கித் தனியாசனத்தில் இருத்துமாறு விதிக்கும் நிறுவனம், அவ்வாசனம் மடிக்கு அருகில் இருத்தற்கு மேலும் பணம் கேட்பது முரணன்றோ? மேலும், விமானம் புறப்படுமுன் தரப்படும் பாதுகாப்பு அறிவுறுத்தலை எண்ணிப் பார்க்கலாம். அறையின் காற்றழுத்தம் குறைந்தால் ஒட்சிசன் முகமூடி கீழிறங்கும். முதலில் உமக்கு அணிந்துகொண்டு பின்னர் உமது பிள்ளைக்கு அணிவியும் என்பது அவ்வறிவுறுத்தல். முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் ஒட்சிசனின்றி மனிதர் தெளிவுடன் செயற்படக்கூடிய நேரம் ஒரு நிமிடத்தளவே. பதின்மூன்று வரிசைக்கு அப்பாலுள்ள பிள்ளைக்குத் தாய் எவ்வாறு அணிவிப்பாள்? பயணிகள் விமானம் ஒன்றின் வடிவமைப்பு அங்கீகரிக்கப்படுமுன், வெளியேறும் வழிகளிற் பாதியை மட்டும் கொண்டு 90 விநாடியில் அனைவரும் வெளியேறக்கூடும் என்று நிறுவுதல் வேண்டும். நெருக்கடியிற் பிள்ளையைத் தேடிக் கூட்டத்துக்கு எதிராக ஓடும் தாயை அக்கணக்கு எதிர்பார்ப்பதில்லை. தாயும் பிள்ளையும் அருகிருப்பர் என்ற எடுகோளின் மீதே பாதுகாப்பு விதிகள் கட்டப்பட்டிருக்க, அவ்வெடுகோளையே விருப்பத்துக்குரிய மேலதிக வசதியாக விற்பனை செய்தல் பொருந்துமாறில்லை.

இம்மானுவேல் காண்ட் 1785 இல் வெளியிட்ட ஒழுக்க மெய்யியல் நூலில், விலையுடையனவற்றையும் மாண்புடையனவற்றையும் வேறுபடுத்தினார். விலையுடைய ஒன்றுக்கு ஈடாக மற்றொன்றை வைக்கலாம். மாண்புடையதற்கு ஈடு இல்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கு, தாயின் அருகாமைக்கு ஈடாக நாம் எதனை வைக்க இயலும்? இனிப்பும் படக்காட்சியும் சிறிது நேரத்துக்கு உதவலாம். உறக்கத்தில் திடுக்கிட்டு விழிக்கும் பிள்ளை தேடுவது ஒருவரை மட்டுமே. பிள்ளையை ஒரு பயணியாக ஏற்றுக் கட்டணமும் பெற்றுக்கொண்டவர், அதன் பயணத்தோடு பிரிக்கவொண்ணாத பராமரிப்புக்கும் இடமளிக்கக் கடமைப்பட்டவராகின்றார். இக்கடமை முதற்கண் நிறுவனத்தைச் சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து.

இனி, ஆசனத்தில் அமர்ந்திருக்கும் அயலாரின் நிலையை நோக்குவோம். இடம் மாற மறுப்பவரைக் கன்னெஞ்சர் என்று இகழ்தல் வழக்கமாகிவிட்டது. ஆனால் முழங்கால் நோவினால் நடைவழி ஆசனத்தைப் பணம் கொடுத்துப் பெற்ற முதியவர் அங்கு இருக்கலாம். முதன்முறை கடல் கடக்கும் மாணவன், ஊர் மறைவதைப் பார்த்தற்கென யன்னலோரத்தைத் தெரிந்திருக்கலாம். அவரவர் காரணம் அவரவர்க்கு உரியது. அதனை அனைவர் முன்னிலையிலும் எடுத்துரைத்துத் தம்மை நியாயப்படுத்துமாறு எவரையும் வற்புறுத்தலாகாது. மற்றொன்றும் இங்கே கருதத்தக்கது. இரந்து கேட்கும் தாய் எல்லோரையும் கேட்பதில்லை. கேட்டால் மறுக்கமாட்டார் என்று தோன்றுபவரையே கேட்கின்றாள். தனித்துச் செல்லும் இளம்பெண், மென்மையாகப் பேசுபவர், வயதிற் சிறியவர் ஆகியோரே மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகின்றனர். முகம் கடுத்து அமர்ந்திருப்பவரை எவரும் நெருங்குவதில்லை. இவ்வாறு, ஒழுங்குமுறை இல்லாதவிடத்து ஈகையின் சுமை நல்லோர் மீதே ஏறுகின்றது. இரக்கத்தை நம்பி ஓர் ஒழுங்கை நடத்துவோர், இரக்கமுள்ளோரிடம் மட்டும் வரி அறவிடுகின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

திருக்குறளில் ஒப்புரவறிதலும் ஈகையும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களாக, 22 ஆம் 23 ஆம் அதிகாரங்களாக அமைந்துள்ளன. இரண்டையும் ஒன்றாக்காது வேறுபடுத்தியமை நமது வினாவுக்கு ஒளி தருகின்றது. ஈகை இல்லாதார்க்கு இருப்பவர் கொடுப்பது. கொடுப்பவரின் உள்ளத்தைச் சார்ந்தது. ஒப்புரவு உலகநடையை அறிந்து, எல்லார்க்கும் பயன்பட ஒழுகுதல். சமுதாய வாழ்வுக்கு அடிப்படையாய் அமைவது. சிறு பிள்ளையைத் தாயினருகில் இருத்துதல் ஒப்புரவின்பாற்பட்ட செயல். அதனை ஓர் ஒழுங்காக நிலைநிறுத்த வேண்டியவர்கள் கைவிட்டபோது, அது ஈகையாக உருமாறி ஒரு தனிமனிதரின் தோளில் விழுகின்றது. பின்னர் தாயும் அயலாரும் ஒருவரையொருவர் வெறுக்கின்றனர். பூசலுக்கு வித்திட்ட விற்பனை முறை இருவர் கண்ணிலும் படுவதில்லை.

பெற்றோர்க்கும் பொறுப்பு இல்லாமலில்லை. ஆசனக் கட்டணம் செலுத்த வசதியிருந்தும், “ஏறிய பின் யாரேனும் எழும்பித் தருவினம்” என்று பிறர் இரக்கத்தை முன்னதாகவே தமது கணக்கில் வரவு வைத்துக்கொள்வோர் உளர். பிறர் விலைகொடுத்துப் பெற்ற முன்வரிசை யன்னலோரத்துக்கு மாற்றாகக் கடைசி வரிசையின் நடுவாசனத்தைத் தயக்கமின்றி நீட்டுவோரும் உளர். கேட்பவர் தம்மிடமுள்ள நல்ல ஆசனத்தைக் கொடுத்துத் தாழ்ந்ததைப் பெறுதலே முறை. மறுமொழி இல்லையென வந்தால் முகங்கோணாது ஏற்றலும் கேட்பவர் கடனாகும். ஆயினும் சிலரின் தந்திரம் கருதிப் பிள்ளைகள் அனைவரையும் தண்டித்தல் நீதியாகாது. கட்டணத்தைச் செலுத்தாதது பெற்றோரின் முடிவு, தனியே அமர்வது பிள்ளை.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். ஆசனக் கட்டணம் இன்றிக் குடும்பங்களை ஒருங்கே இருத்தினால், அவ்வருமான இழப்பை ஏனைய பயணிகளே சுமக்க நேரும். பிள்ளை பெறுதல் ஒருவரின் சொந்தத் தெரிவாயிருக்க, அதன் செலவைப் பிள்ளையில்லாதார் ஏன் ஏற்கவேண்டும் என்பது அத்தடை. இதனை எள்ளி ஒதுக்குதல் கூடாது. ஜோன் ரோல்ஸ் 1971 இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூலில் ஒரு சிந்தனைச் சோதனையைத் தருகின்றார். சமுதாயத்திலே தமக்கு எந்த இடம் வாய்க்கும் என்பதை அறியாத நிலையில் மக்கள் கூடி விதிகளை வகுத்தால் எவ்விதிகளைத் தெரிவர் என்பதே அது. விமானமேறுமுன், நாம் தனித்துச் செல்லும் வணிகராயிருப்போமா, இரண்டு பிள்ளைகளின் தாயாயிருப்போமா, அன்றி அழும் அந்நியப் பிள்ளைக்கும் யன்னலுக்கும் இடையே பத்து மணித்தியாலம் அகப்பட்ட பயணியாயிருப்போமா என்பதை அறியோம் எனக் கொள்வோம். அந்நிலையில், சிறிதளவு கட்டண உயர்வை எல்லோரும் பகிர்ந்து, சிறு பிள்ளைகளை உரியவரருகில் இருத்தும் விதியையே நாம் தெரிவோம். மேலும், அத்தடையை எழுப்புவோர் மறப்பது ஒன்றுண்டு: பிள்ளையாயிருத்தல் எவரது தெரிவும் அன்று. நாம் அனைவரும் ஒருகாலத்தில் பிறர் மடியில் இருந்தவர்களே.

உலகில் சில அரசுகள் இத்திசையில் அடியெடுத்து வைத்துள்ளன. கனடாவில் 2019 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 4 வயதுக்கு மேற்படாத பிள்ளை பெற்றோரின் பக்கத்து ஆசனத்திலும், 5 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளை அதே வரிசையில் ஓர் ஆசனத்துக்கு மேல் இடைவெளியின்றியும், 12, 13 வயதுப் பிள்ளை ஒரு வரிசைக்கு மேற்படாத தூரத்திலும் அமர மேலதிகக் கட்டணமின்றி நிறுவனம் வழிசெய்தல் வேண்டும். முன்கூட்டி ஒழுங்குசெய்ய இயலாதவிடத்து, இடம் மாற மனமுவந்தோர் உளரா என்று கேட்கும் பொறுப்பும் நிறுவனத்தினதே. இந்தியாவில் 2024 ஏப்ரலில் சிவில் விமானப் போக்குவரத்துப் பணிப்பாளர் நாயகம், ஒரே பதிவிற் செல்லும் 12 வயது வரையான பிள்ளைகளைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரோடு இருத்துமாறு நிறுவனங்களைப் பணித்தார். ஐக்கிய அமெரிக்காவிலே 2016 ஆம் ஆண்டுச் சட்டமொன்று இதனைக் கவனத்திற் கொண்டுவந்தது. 2024 ஓகஸ்டில் அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களம் 13 வயது வரையான பிள்ளைகளுக்கு இக்கட்டணத்தைத் தடைசெய்யும் விதியொன்றை முன்மொழிந்தது. இவற்றுட் கனடிய விதி நமது ஆய்வுக்கு மிகப் பொருத்தமானது. பிள்ளையின் தேவை வயதோடு குறையும் என்பதை அது உணர்ந்துள்ளது. இரக்கும் இழிநிலையைத் தாயிடமிருந்து நீக்குகின்றது. அயலாரின் விருப்பத்தையும் விருப்பமாகவே விட்டுவைக்கின்றது.

ஆயினும் வயதை மட்டும் அளவுகோலாகக் கொண்ட விதிகள் நமது சூழலுக்குப் போதுமானவையா என்பது சிந்தனைக்குரியது. மகளின் பிள்ளைப்பேற்றுக்கெனக் கனடா செல்லும் அம்மம்மாவை நினைத்துப் பார்க்கலாம். எழுபது வயது, நீரிழிவு, ஆங்கிலம் அறியாதவர், ஆசனப் பட்டியைக் கழற்றவும் ஒருவர் காட்டிக்கொடுக்க வேண்டும். உடன்செல்லும் உறவினர் இருபது வரிசைக்கு அப்பால் இருத்தப்பட்டால், அவர் நிலை நான்கு வயதுப் பிள்ளையின் நிலையினின்று எவ்வாறு வேறுபடும்? பிள்ளையாவது அழுது கேட்கும். முதியவர் வெட்கத்தினால் தாகத்தையும் அடக்கிக்கொண்டு இருந்துவிடுவார். எனவே இங்கு அடிப்படையாய் அமையும் அறநெறி, பிள்ளைமை என்பதைவிடச் சார்ந்திருத்தல் என்பதேயாகும். தன்னைத் தானே பேண இயலாத ஒருவர் பயணியாக ஏற்கப்படும்போது, அவரைப் பேணுபவரின் அருகாமையும் அப்பயணத்தின் பகுதியாக ஏற்கப்படுதல் வேண்டும். பிள்ளைகளுக்கான விதியை இந்நெறியின் முதற்படியாகக் கொள்ளலாமேயன்றி முடிவாகக் கொள்ளலாகாது.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. சார்ந்திருப்போரைப் பேணுவோரருகில் இருத்துதல் அவர்களை ஏற்றிச் செல்ல உடன்பட்ட நிறுவனத்தின் கடமை; அதற்குத் தனி விலை விதித்தல் அறத்தோடு பொருந்தாது. அயலாரின் இடங்கொடுத்தல் போற்றத்தக்க ஈகை. போற்றத்தக்கது என்பதனாலேயே அது கட்டாயமாக்கத்தக்கதன்று. பெற்றோர் பெறவேண்டியது உரிமை. அவ்வுரிமை நிலைநாட்டப்படும் வரை, பணிவோடு கேட்டலும் மறுப்பைப் பொறுத்தலும் அவர்க்கு அணியாகும்.

பஸ்ஸில் அந்நியப் பிள்ளைக்கு மடிகொடுக்கும் வழமையை நாம் பெருமையோடு பேசிக்கொள்கின்றோம். அப்பெருமை நியாயமானதே. ஆனால் அவ்வழமை தனிமனிதரின் நற்குணத்தால் மட்டும் நிலைபெற்றதன்று. இருக்கை எல்லார்க்கும் பொது என்ற ஒழுங்கு அதற்கு நிலமாய் அமைந்தது. நிலத்தை விற்றுவிட்டு விளைச்சல் இல்லையென வருந்துதலாற் பயனில்லை. நன்மை செய்தற்கு எளிதான ஒழுங்குகளை அமைத்தலும் அறத்தின் வேலையே. விமானத்தில் இரு ஆசனங்களை அருகருகே வைத்தல் மிகச் சிறிய செயல். அச்சிறு செயலைச் செய்யாத ஓர் ஒழுங்கு, பெரிய அறங்களைப் பற்றிப் பேசும் தகுதியை நமக்குத் தருமா என்பது நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தற்குரியது.